ஆக்ஷன் விளையாட்டுகளில் திறன் புள்ளிகளை ஈட்டுவதும் செலவிடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலும் வடக்கே வெருலம், டோங்காட் ஊர்களிலும் தமிழ் வகுப்புகளுக்கு வரும் பிள்ளைகளும் அவர்களை அழைத்து வரும் பெற்றோரும் வீடியோ கேம் பற்றி என்னிடம் கேட்பவற்றில், திறன் புள்ளிகளைப் பற்றிய கேள்விகளே மிகுதி. இந்த விளையாட்டுகளில் போரிடும் கைத்திறனுக்கு எவ்வளவு இடமுண்டோ, அவ்வளவு இடம் புள்ளிகளை அறிந்து செலவிடும் அறிவுக்கும் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். இங்குள்ள பிள்ளைகள் அதிகம் விளையாடும் செகிரோ, எல்டன் ரிங், காட் ஆஃப் வார், ஸ்பைடர்மேன், ஸ்டார் வார்ஸ் ஜெடை: ஃபாலன் ஆர்டர் ஆகியவற்றை முதன்மையாக எடுத்துக்கொண்டு விடையளித்திருக்கிறேன்.

அனுபவப் புள்ளியும் திறன் புள்ளியும் ஒன்றுதானா?

இல்லை, இந்த வேறுபாடு விளங்கினால் மற்றவை எளிதாகும். எதிரியை வீழ்த்தும்போதும் பணிகளை முடிக்கும்போதும் சேர்வது அனுபவப் புள்ளி. செகிரோ, ஸ்பைடர்மேன், ஃபாலன் ஆர்டர் ஆகியவற்றில் அது ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்போது ஒரு திறன் புள்ளியாக மாறுகிறது. அந்தத் திறன் புள்ளியைக் கொடுத்துத்தான் புதிய வெட்டையோ தற்காப்பையோ கற்றுக்கொள்ள முடியும். 2018-இல் வெளிவந்த காட் ஆஃப் வாரில் அனுபவப் புள்ளியே நேராகச் செலாவணியாகிறது. தந்தை கிரேட்டோஸுக்கும் மகன் அட்ரேயஸுக்கும் அது பொதுவான பணப்பை. எல்டன் ரிங்கிலோ ரூன் என்ற ஒரே பொருளைக் கொண்டு லெவலை உயர்த்தவும் வேண்டும், வணிகரிடம் பொருள் வாங்கவும் வேண்டும். ஆகவே புதிய விளையாட்டு ஒன்றைத் தொடங்கும்போது, முதல் அரைமணி நேரத்திலேயே அது இந்த மூன்று வகைகளில் எதைச் சேர்ந்தது என்று பார்த்துவிடுங்கள்.

செத்துவிட்டால் சேர்த்த புள்ளிகள் போய்விடுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒவ்வொரு விளையாட்டுக்கும் விதி வேறு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

காட் ஆஃப் வாரிலும் ஸ்பைடர்மேனிலும் மரணத்துக்காகப் புள்ளிகள் பறிக்கப்படுவதில்லை. ஆகவே அவற்றில் அச்சமின்றிச் சேர்த்து, நிதானமாக யோசித்துச் செலவிடலாம்.

செகிரோவில் முழுமையாக மடிந்தால், கையிலிருக்கும் சென் எனப்படும் காசில் பாதியும், அடுத்த திறன் புள்ளியை நோக்கிச் சேர்ந்த அனுபவத்தில் பாதியும் போய்விடும். அவற்றை மீட்க வழியில்லை. ஆனால் ஏற்கெனவே முழுப் புள்ளியாக மாறியது ஒருபோதும் குறையாது என்பதை மனத்தில் இருத்த வேண்டும். விழுந்த இடத்திலேயே உயிர்த்தெழும் வாய்ப்பைப் பயன்படுத்தி எழுந்துவிட்டால் இழப்பு எதுவும் இல்லை. எதையும் இழக்காமல் தப்பவைக்கும் தெய்வ உதவி என்று ஒன்றும் உண்டு. அதன் வாய்ப்பு தொடக்கத்தில் 30 சதவீதமாக இருக்கும், நீங்கள் அடிக்கடி மடிந்து பிற மாந்தரிடம் நோய் பரவப் பரவ அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

எல்டன் ரிங்கில் இழப்பு பெரிது, ஆனால் மீட்கலாம். மடிந்தவுடன் கையிலிருந்த ரூன் அனைத்தும் அந்த இடத்திலேயே தங்கிவிடும். திரும்பிச் சென்று தொட்டால் முழுவதும் கிடைக்கும். அங்கே சென்று சேர்வதற்குள் மறுபடி மடிந்தால் முன்னது அழிந்துவிடும். சாக்ரிஃபீஷியல் ட்விக் என்ற கிளையை முன்கூட்டியே அணிந்திருந்தால், மடியும்போது அந்தக் கிளை உடைந்து ரூன்களைக் காப்பாற்றும். நிறைய ரூன்களுடன் அறியாத குகைக்குள் நுழைய நேர்ந்தால் அதை அணிந்துகொள்வது நல்லது.

ஃபாலன் ஆர்டரில் அடுத்த புள்ளிக்காகச் சேர்ந்த அனுபவத்தை உங்களை வீழ்த்திய எதிரியே வைத்திருப்பான். திரும்பிச் சென்று அவனை ஒருமுறை தாக்கினாலே போதும், இழந்தது வந்துசேரும். கூடவே உயிர்ப்பட்டையும் நிரம்பும். பழிவாங்கும் வேகத்தோடு திரும்பச் செல்வதற்கு இதைவிட நல்ல ஊக்கம் கிடையாது.

அப்படியானால் புள்ளிகளை எப்போது செலவிட வேண்டும்?

இழக்கக்கூடியதை உடனே செலவிடுங்கள்; இழக்க முடியாததைப் பொறுத்துச் செலவிடுங்கள். எல்டன் ரிங்கில் ஒரு லெவலுக்குப் போதுமான ரூன் சேர்ந்ததும், கிரேஸ் எனப்படும் அருகிலுள்ள ஒளித்தலத்துக்குத் திரும்பி அதைச் செலவிட்டுவிட வேண்டும். இன்னும் இரண்டு லெவலுக்குச் சேரட்டும் என்று சுமந்து திரிவது, டோங்காட்டில் வெட்டிய கரும்பை ஆலைக்கு அனுப்பாமல் வயலிலேயே போட்டுவைப்பதற்கு ஒப்பாகும். நேரம் கழியக் கழிய அதில் கிடைக்கும் சர்க்கரை குறைந்துகொண்டே போகும்.

ஒரு லெவலுக்குப் போதாத சில்லறையை என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். செகிரோவில் வணிகர்கள் காசுப்பைகளை விற்கிறார்கள். நூறு சென் அடங்கிய பையின் விலை 110 சென், ஐந்நூறு அடங்கியதற்கு 550, ஆயிரம் அடங்கியதற்கு 1,100. பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்கிறோம், ஆனால் பைக்குள் இருக்கும் காசை மரணம் தொடாது. பாதியை இழப்பதைவிடப் பத்தில் ஒன்றைக் கொடுத்துக் காப்பது மேல் என்பதால், பெரிய எதிரியைச் சந்திக்கும் முன் கையிலுள்ள சென் அனைத்தையும் பைகளாக மாற்றிவிடுங்கள். எல்டன் ரிங்கில் வழியில் கிடைக்கும் கோல்டன் ரூன்களும் இப்படித்தான் பயன்படும்: உடைக்காமல் வைத்திருக்கும்வரை அவை பொருள்களாகவே பையில் தங்கும், மடிந்தாலும் போகாது. கிடைத்தவுடன் எல்லாவற்றையும் உடைப்பவர்கள் இந்தப் பாதுகாப்பை வீணாக்குகிறார்கள். லெவலை உயர்த்தச் சிறிது குறைகிறது என்றால், ஒளித்தலத்தில் அமர்வதற்குச் சற்று முன், குறைகிற அளவுக்கு மட்டும் உடையுங்கள்.

முதல் புள்ளிகளை எதில் போடுவது?

உயிரைக் காப்பதில். பிள்ளைகளில் பலர் பெரிய வெட்டு, நெருப்பு, மின்னல் ஆகியவற்றையே முதலில் விரும்புகிறார்கள். ஆசை இயல்பானதுதான், ஆனால் புள்ளிகள் சேர்வது நீங்கள் உயிரோடிருக்கும் நேரத்தில். ஒரு சண்டையில் அரை நிமிடம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தால் எதிரியின் அசைவுகளைப் படிக்கவும் அவ்வளவு நேரம் கிடைக்கும்.

எல்டன் ரிங்கில் இதற்கு எண்களே சான்று. விகர் என்ற பண்பு 10 இருக்கும்போது உயிர் அளவு 414, 40-க்கு உயர்த்தினால் 1,450, 60-க்கு 1,900. அதற்கு மேல் 99 வரை கொண்டுபோனாலும் 2,100 மட்டுமே. 40 வரை போடும் ஒவ்வொரு புள்ளிக்கும் நல்ல பலன் உண்டு, 60 வரை ஓரளவு பலன் உண்டு, அதைத் தாண்டியபின் 39 புள்ளிகளுக்கு வெறும் 200 உயிர்தான் கிடைக்கிறது. விளையாட்டின் நடுப்பகுதியை எட்டும் முன்பே விகரை 40-க்கு அருகில் கொண்டுவந்துவிடுங்கள் என்று கேட்பவர் எல்லோருக்கும் சொல்கிறேன். ஒரே அடியில் விழுகிறேன் என்று முறையிடுபவர்களின் பண்புப் பட்டியலைப் பார்த்தால், பெரும்பாலும் விகர் இருபதைக்கூட எட்டியிருக்காது.

செகிரோவின் நிலை வேறு. அங்கே திறன் புள்ளி உயிரை வளர்ப்பதில்லை. நான்கு பிரார்த்தனை மணிகளைச் சேர்த்தால்தான் உயிர்ப்பட்டை ஒரு படி நீளும், பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளை வென்று கிடைக்கும் நினைவுகளால்தான் தாக்கும் வலிமை ஏறும். எனவே அங்கே உயிரைக் காக்கும் புள்ளி என்பது நல்ல தற்காப்பு அசைவைக் கற்பதுதான். ஷினோபி கலைகள் என்ற திறன் கிளையில் உள்ள மிகிரி கவுன்டரை முதலிலேயே வாங்கிவிடுங்கள். குத்திவரும் ஈட்டியையும் வாளையும் காலால் மிதித்து அடக்கும் இந்த அசைவு, விளையாட்டின் கடைசிவரை உதவும்.

ஃபாலன் ஆர்டரில் உயிர்வாழ்தல், ஒளிவாள், ஃபோர்ஸ் என மூன்று திறன் கிளைகள் உள்ளன. உயிர்வாழ்தல் கிளையில், மருந்து கூடுதலாகக் குணப்படுத்தும் திறனும் உயிர்ப்பட்டையை நீட்டும் திறனும் முதலில் வர வேண்டும். காட் ஆஃப் வாரில் உயிரை வளர்ப்பது புள்ளிகள் அல்ல, நார்னிர் பெட்டிகளில் கிடைக்கும் இதுன் ஆப்பிள்கள். மூன்று சேர்ந்தால் ஒருமுறை உயிர் கூடும். அதனால் அங்கே புள்ளிகளைத் தாராளமாகக் கோடரியின் திறன்களுக்குக் கொடுக்கலாம்.

ஆயுதத்தை மேம்படுத்துவதா, ஆளை மேம்படுத்துவதா?

எல்டன் ரிங்கின் தொடக்கத்தில் ஆயுதமே முந்த வேண்டும். கொல்லனிடம் ஸ்மிதிங் கற்களைக் கொடுத்து வாளைச் சில படிகள் உயர்த்தினால் கூடும் சேதம், அதே ரூன்களை வலிமைப் பண்பில் போட்டால் கூடுவதைவிடத் தெளிவாக அதிகம். சாதாரண ஆயுதங்கள் +25 வரையும் சிறப்பு ஆயுதங்கள் +10 வரையும் உயரும். காட் ஆஃப் வாரில் இது கட்டாயமே: கோடரியின் படி உயராமல் சில திறன்களின் பூட்டுத் திறக்காது, எத்தனை அனுபவப் புள்ளிகள் குவிந்திருந்தாலும்.

எல்லாக் கிளைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாமா?

எல்லாவற்றையும் இறுதியில் திறந்துவிட முடியும் என்றால் போடலாம். ஸ்பைடர்மேனில் லெவல் 50-ஐ எட்டுவதற்குள் மூன்று திறன் மரங்களும் நிரம்பிவிடும் என்பதால், அங்கே தேர்வு என்பது வரிசையைப் பற்றியது மட்டுமே. எல்டன் ரிங்கில் எட்டுப் பண்புகள் உள்ளன; ஒவ்வொரு லெவலுக்கும் விலை ஏறிக்கொண்டே போகும். அங்கே வலிமை, நுண்ணறிவு, நம்பிக்கை என எல்லாவற்றிலும் பத்துப் பத்தாகத் தூவினால், எந்த நல்ல ஆயுதத்தையும் முழுப் பயனோடு ஏந்த முடியாது, உயர்ந்த மந்திரங்களையும் பயன்படுத்த முடியாது. விகரோடு தாக்குதலுக்கான ஒரு பண்பு, அதற்குத் துணையாக இன்னொன்று என்று நின்றுகொள்ளுங்கள். 2015-இல் வந்த விட்சர் 3 இந்த விஷயத்தில் தனி. திறனை வாங்கினால் மட்டும் போதாது, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இடங்களில் அதைப் பொருத்தினால்தான் வேலை செய்யும். அதனால் பொருத்த இடமில்லாத திறனில் போடும் புள்ளி வீண்.

தவறான இடத்தில் போட்ட புள்ளியைத் திரும்பப் பெற முடியுமா?

சிலவற்றில் முடியும். எல்டன் ரிங்கில் ராயா லுகாரியா கல்விக்கூடத்தில் ரென்னாலாவை வென்றபின், லார்வல் டியர் ஒன்றைக் கொடுத்து எல்லாப் பண்புகளையும் புதிதாகப் பகிரலாம். ஒரு சுற்றில், அதாவது விளையாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை ஆடுவதில், கிடைக்கும் லார்வல் டியர்களுக்கு அளவுண்டு என்பதால், ஒவ்வொரு மனமாற்றத்துக்கும் ஒன்றைச் செலவழிக்காதீர்கள். விட்சர் 3-இல் இதற்கென்றே ஒரு மருந்து விற்கப்படுகிறது. ஹேடிஸ் என்ற விளையாட்டில் ஒரே ஒரு சாவியைக் கொடுத்தால், இரவுக் கண்ணாடி என்ற திறன் பட்டியலில் போட்ட இருள் எனப்படும் புள்ளிகள் முழுவதும் திரும்பும். ஆகவே அங்கே தயக்கமின்றிச் சோதித்துப் பார்க்கலாம். செகிரோவிலும் ஃபாலன் ஆர்டரிலும் திரும்பப் பெற வழியில்லை. இந்த இரண்டிலும் பொத்தானை அழுத்தும் முன், திறனின் விளக்கத்தை முழுவதும் படியுங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் அண்ணனிடமோ அக்காவிடமோ கேட்டுப் புரிந்துகொண்டு அழுத்துங்கள்.

ஒரே இடத்தில் நின்று திரும்பத் திரும்பக் கொன்று புள்ளி சேர்ப்பது சரியா?

அதில் தவறேதும் இல்லை. விளையாட்டின் விதிக்குள் அடங்கியதுதான். எல்டன் ரிங்கில் மோக்வின் அரண்மனைப் பகுதியில், பள்ளத்துக்கு அப்பால் நிற்கும் பறவையை அம்பால் எய்தால் அது ஓடிவந்து பள்ளத்தில் விழும், முதல் சுற்றிலேயே 11,000-க்குச் சற்று மேற்பட்ட ரூன் கிடைக்கும். ஒளித்தலத்தில் அமர்ந்து எழுந்தால் பறவை மீண்டும் அங்கே நிற்கும். ஒரு மாலையில் பல லெவல்கள் ஏறிவிடலாம்.

ஆனால் இதற்கு எல்லை உண்டு. செகிரோவில் அடுத்தடுத்த திறன் புள்ளிகளுக்கு மேலும் மேலும் அனுபவம் தேவைப்படும், அவற்றால் உயிரும் வளராது. நாள் முழுவதும் சிறு எதிரிகளைக் கொன்றாலும் கெனிசிரோ என்ற பாஸின் வாளைத் தடுக்கும் பழக்கம் கைக்கு வராது. எல்டன் ரிங்கின் விரிவாக்கமாக 2024 ஜூனில் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீயிலும் இதே நிலை. நிழல் நாட்டுக்குள் ஸ்கடுட்ரீ துண்டுகளைத் தேடிச் சேர்த்தால்தான் தாக்குதலும் தாங்குதிறனும் ஏறும் என்பதால், வெளியே சேர்த்த லெவலை மட்டும் நம்பி உள்ளே செல்பவர்கள் திகைக்கிறார்கள். ஒரே பாஸிடம் பலமுறை தோற்றபின் சிறிது நேரம் சேகரிப்பது நல்ல இளைப்பாறல். விளையாட்டு முழுவதையும் அப்படியே கழிப்பது உங்கள் விடுமுறைக்குச் செய்யும் அநீதி.

சண்டையிடாமல் புள்ளி சேர்க்க முடியாதா?

முடியும். ஸ்பைடர்மேனில் நியூயார்க் நகரெங்கும் சிதறிக்கிடக்கும் 55 முதுகுப்பைகளைத் தேடி எடுப்பதும் அடையாளக் கட்டடங்களைப் படமெடுப்பதும் உடைகளுக்கும் கருவிகளுக்கும் தேவையான டோக்கன்களைத் தரும். விட்சர் 3-இல் ஆற்றல் தலங்களைத் தொட்டாலே ஒரு புள்ளி. சிறு பிள்ளைகளுக்கு இவ்வகை விளையாட்டே நல்ல தொடக்கம்.

லோட் ஷெட்டிங் வந்து மின்சாரம் நின்றால் புள்ளிகள் என்னவாகும்?

2023-இல் நாளுக்குப் பல தவணைகளாக மின்சாரம் நின்ற காலத்தில் எல்லா வீடுகளிலும் கேட்ட கேள்வி இது. 2024 மார்ச் இறுதிக்குப் பின் பத்து மாதங்கள் நிம்மதியாக இருந்தும், 2025 தொடக்கத்தில் மீண்டும் சில நாள்கள் நின்றதால், இதை இன்னும் நீக்கவில்லை.

எல்டன் ரிங்கும் செகிரோவும் தாமாகவே அடிக்கடி சேமித்துக்கொள்பவை. திடீரென நின்றாலும் பெரும்பாலும் அருகிலுள்ள நிலையிலிருந்தே தொடரலாம். காட் ஆஃப் வாரிலும் ஸ்பைடர்மேனிலும் நீங்களாகவே சேமிக்கும் வசதி உண்டு. ஃபாலன் ஆர்டரில் தியானத் தலத்தில் அமர்ந்து சேமிப்பதே உறுதி. திறன் புள்ளிகளைச் செலவிடுவதும் அங்கேதான். ஆகவே அட்டவணையில் உங்கள் பகுதிக்குக் குறித்த நேரத்துக்குக் கால்மணி நேரம் முன்பே தலத்துக்கோ, செகிரோவில் என்றால் இளைப்பாறும் சிலைக்கோ சென்று, இருக்கும் புள்ளிகளைச் செலவிட்டு, விளையாட்டிலிருந்து முறையாக வெளியேறி, கன்சோலை அணைத்துவிடுங்கள். சேமிப்பு நடந்துகொண்டிருக்கும் அந்த நொடியில் மின்சாரம் நின்றால் கோப்பே கெட்டுப்போகக்கூடும். அப்போது போவது ஒரு லெவல் அன்று, எல்லா லெவல்களும்தான்.

பிளேஸ்டேஷன் 4-இல் சேமிப்புக் கோப்புகளை யுஎஸ்பியில் நகலெடுத்துக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளின் சேமிப்புகளுக்கு அந்த வழி இல்லை, சந்தா செலுத்திக் கிளவுடில்தான் வைக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் தனிச் சந்தா இன்றியே கிளவுடில் ஏறிவிடும். இன்வெர்ட்டர் வாங்க வசதியில்லாத வீடுகளில், கன்சோலுக்கும் தொலைக்காட்சிக்கும் போதுமான ஒரு சிறிய யுபிஎஸ், முறையாக அணைப்பதற்கான சில நிமிடங்களையாவது தரும்.

அண்ணனும் தம்பியும் ஒரே கன்சோலில் விளையாடுகிறார்கள். ஒருவன் சேர்த்ததை மற்றவன் செலவிட்டுவிடுகிறான். என்ன செய்வது?

கன்சோலில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு வையுங்கள். சேமிப்புகள் தனித்தனியாக இருக்கும், சண்டை அன்றே ஓயும்.

புள்ளிகளை விற்கிறார்கள் என்று மகன் பணம் கேட்கிறான். கொடுக்கலாமா?

வேண்டாம் என்பதே என் முடிவு. நான் மேலே பேசிய ஐந்து விளையாட்டுகளிலும் கடையில் ராண்ட் கொடுத்துத் திறன் புள்ளி வாங்கும் தேவை எழுவதில்லை. அசாசின்ஸ் கிரீட் ஒடிஸி போன்றவை, அனுபவப் புள்ளி 50 சதவீதம் கூடுதலாகச் சேரும் பூஸ்டரைப் பணத்துக்கு விற்றன. அது இல்லாமலும் அந்த விளையாட்டை முழுமையாக முடிக்கலாம். ஷேடோ ஆஃப் வார் 2017-இல் பணம் கொடுத்து வாங்கும் பெட்டிகளோடு வந்தது. ஆட்டக்காரர்களின் எதிர்ப்புக்குப் பின் 2018-இல் அவற்றை அதன் தயாரிப்பாளர்களே நீக்கினார்கள். அம்மா, அப்பா, உங்கள் வங்கி அட்டையின் விவரத்தைக் கன்சோலில் சேமித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள்.

விளையாட்டை முடித்தபின் மீந்த புள்ளிகளுக்குப் பயன் உண்டா?

உண்டு. எல்டன் ரிங்கிலும் செகிரோவிலும் அடுத்த சுற்றைத் தொடங்கினால் லெவல்களும் திறன்களும் கூடவே வரும், எதிரிகளும் வலுப்பெறுவார்கள். காட் ஆஃப் வாருக்கு இந்த வசதி 2018 ஆகஸ்டில் ஒரு புதுப்பிப்பின் மூலம் சேர்ந்தது. செகிரோவில் திறன்களையெல்லாம் கற்றுமுடித்தவர்கள், மூன்று துண்டுகளாகக் கிடைக்கும் நடன முகமூடியைச் சேர்த்துவிட்டால், ஐந்து திறன் புள்ளிகளுக்கு ஒரு படி தாக்கும் வலிமை என்று மாற்றிக்கொள்ளலாம். இரண்டாம் சுற்றுக்குப் போக எண்ணுபவர்கள் முதல் சுற்றிலேயே அந்தத் துண்டுகளைத் தேடி வாங்கி வையுங்கள்.